கோரை என்றால் கிழங்கு எங்கே?

கோவை வடவள்ளியிலிருந்து ஒரு வாசகர், ஓய்வுபெற்ற வங்கி அதிகாரி, இரண்டு படங்களோடு எழுதியிருக்கிறார். கடிதத்தைக் கொஞ்சம் சுருக்கித் தருகிறேன்.

“வீட்டு முன்னால் 900 சதுர அடியில் மெக்சிகன் புல் போட்டு இரண்டரை வருஷம் ஆகிறது. தோட்டக்காரர் வாரம் ஒரு முறை மெஷின் கொண்டுவந்து தரையோடு தரையாக வெட்டிவிட்டுப் போவார். இந்தச் சித்திரையில் கிழக்கு மூலையில், ஆர்.ஓ. மெஷினின் கழிவுத் தண்ணீர்க் குழாய் வந்து விழுகிற இடத்துக்குப் பக்கத்தில், பளபளப்பான பச்சையில் ஒரு சின்னத் திட்டு தெரிந்தது. ஆவணிக்குள் ஏழெட்டுத் திட்டு ஆகிவிட்டது. பெரியது ஒரு சாப்பாட்டு இலை அளவு இருக்கும். வெட்டிய அன்று எல்லாம் ஒன்றாகத்தான் தெரிகிறது, மூன்றாம் நாள் பார்த்தால் அது மட்டும் தலையைத் தூக்கிக்கொண்டு நிற்கிறது. தோட்டக்காரர் கோரை என்கிறார். கிழங்கைத் தேடி ஓர் அடி தோண்டினோம், ஒன்றுகூட இல்லை. பக்கத்து வீட்டுக்காரர் இதுவும் புல்தான், விட்டுவிடுங்கள் என்கிறார். வேறொருவர் பேச்சைக் கேட்டு ஒரு திட்டில் கல்லுப்பு போட்டேன். புல்லும் அதுவும் சேர்ந்து கருகின, ஒரு மாதம் கழித்து அதுதான் முதலில் முளைத்தது. உரக்கடையில் கிளைபோசேட் அடிக்கச் சொல்கிறார்கள். அடிக்கலாமா? முதலில் இது என்ன செடி?”

சார், கடைசியிலிருந்து வருகிறேன். கிளைபோசேட் அடிக்காதீர்கள். அது பச்சையாக இருக்கிற எதையும் விடாது, உங்கள் மெக்சிகன் புல்லையும் சேர்த்துத்தான் கொல்லும். அந்தப் புல் பரவுவதில் மகா சோம்பேறி, ஒரு சாப்பாட்டு இலை அளவு மொட்டையானால் மூடிக்கொள்ள மாதக்கணக்கில் ஆகும். அதுவரை அந்த வெறும் மண் யாருக்காகக் காத்திருக்கும் என்று நினைக்கிறீர்கள்? போதாததற்கு 2022 அக்டோபரில் மத்திய அரசு ஓர் அறிவிக்கை வெளியிட்டது, பூச்சிக் கட்டுப்பாட்டு உரிமம் உள்ளவர்கள் மூலமாகத்தான் கிளைபோசேட்டைப் பயன்படுத்த வேண்டும் என்று. கடைக்காரர் அதையெல்லாம் சொல்லியிருக்க மாட்டார்.

சரி, செடிக்கு வருவோம்.

முதல் படம் நீங்கள் நின்றபடியே எடுத்தது. அதில் பச்சையும் அதைவிடக் கொஞ்சம் பளிச்சென்ற பச்சையும் தெரிகிறது, அவ்வளவுதான், அதை வைத்து ஜோசியம்தான் சொல்லலாம். எனக்கு வருகிற கடிதங்களில் பாதிக்கு மேல் இப்படித்தான், ஆகாயத்திலிருந்து எடுத்த மாதிரி ஒரு படம், கூடவே “இது என்ன களை?” என்று ஒரு வரி. இரண்டாவது படத்தில் நீங்கள் குனிந்து, பக்கத்தில் ஓர் ஐந்து ரூபாய்க் காசு வைத்து எடுத்திருக்கிறீர்கள் பாருங்கள், அதற்காகவே உங்களுக்குத் தனியாக ஒரு நன்றி. அந்தக் காசுக்கு இடது பக்கம், மெஷின் வாயில் தப்பிய ஒரு தண்டின் நுனியில், பச்சை நிறத்தில் ஒரு குண்டுமணி மாதிரி இருக்கிறது, காசில் கால்வாசி அகலம். அந்த உருண்டைக்கு அடியில் மூன்று குட்டி இலைகள் காற்றாடிபோல் மூன்று திசைக்கு நீட்டிக்கொண்டிருக்கின்றன. அதுதான் அதன் பூங்கொத்து.

அதைப் பார்த்ததும் என் மனதில் விழுந்த பேர் கைலிங்கா. கோரைக் குடும்பம்தான், ஆனால் உங்கள் தோட்டக்காரர் சொல்கிற கோரை இல்லை. சித்தப்பா பையன் என்று வைத்துக்கொள்ளுங்கள், முகச்சாடை இருக்கும், குணம் வேறு. இதில் பச்சைத் தலை உள்ள ஒன்றும் வெள்ளைத் தலை உள்ள இன்னொன்றும் நம் ஊர் லான்களில் வரும், உங்களுடையது பச்சைத் தலை. தோட்டக்காரர்கள் இரண்டையும் சேர்த்துக் கோரை என்றுதான் கூப்பிடுகிறார்கள், அதில் அவர்கள் மேல் குற்றமில்லை, குடும்பப் பேர் சரிதானே. பத்தமடைப் பாய்க்குப் போகிற கோரையும் இதே குடும்பம்தான், அதற்காக அதை லானில் தேட முடியுமா?

கைலிங்கா என்ற பேரைப் பற்றி ஒரு சின்னக் கிளைக்கதை, பிடிக்காவிட்டால் அடுத்த பத்திக்குத் தாண்டிவிடுங்கள். அது 17-ஆம் நூற்றாண்டில் டென்மார்க்கில் இருந்த பேடர் கைலிங் என்ற தாவரவியலாளரின் பேர். 1773-இல் ராட்பெல் என்ற இன்னொரு டேனிஷ்காரர் இந்தச் செடியை அச்சில் விவரித்தபோது அவர் நினைவாக வைத்தார். அதே வருஷங்களில்தான் கோனிக் என்ற மருத்துவர் டேனிஷ்காரர்கள் கையில் இருந்த நம் தரங்கம்பாடியில் உட்கார்ந்துகொண்டு, இந்தக் கரையோரத்துச் செடிகளைக் காயவைத்துக் காயவைத்து கோபன்ஹேகனுக்குக் கப்பலேற்றிக்கொண்டிருந்தார். ஆக, பேர்தான் வெளிநாடு. செடி நம் மண்ணுக்குப் புதுசு இல்லை, நம் வயல் வரப்பிலும் வாய்க்கால் ஓரத்திலும் காலங்காலமாக இருக்கிறதுதான். லான் என்கிற மோகம் வந்த பிறகுதான் அதற்குக் களை என்று பட்டம் கிடைத்தது.

ஆனால் படத்தை மட்டும் வைத்து நூற்றுக்குத் தொண்ணூறுதான் சொல்வேன். மீதிப் பத்தை நீங்கள்தான் உங்கள் கையால் தீர்க்க வேண்டும், அதற்கு ஒரு சனிக்கிழமை காலை போதும்.

ஒட்ட வெட்டுகிற லானில் களையை அடையாளம் காண்பது ஏன் இவ்வளவு கஷ்டம் என்றால், ஒரு செடியை எதையெல்லாம் வைத்து நாம் கண்டுபிடிக்கிறோமோ, உயரம், பூ, விதை, இலை விரிகிற விதம், அத்தனையையும் மெஷின் வாராவாரம் சீவி எறிந்துவிடுகிறது. மிஞ்சுவது ஒரே மாதிரி மொட்டையடித்த கூட்டம். மொட்டைத் தலைகளுக்குள் ஆளைத் தேடுகிற மாதிரிதான். அதனால் முதல் வேலை, நடுத்தரமான ஒரு திட்டைத் தேர்ந்தெடுத்து அதைச் சுற்றி நாலு செங்கல்லை வையுங்கள், தோட்டக்காரரிடம் மூன்று வாரத்துக்கு அதற்குள் மெஷின் போகக் கூடாது என்று சொல்லிவிடுங்கள். மறக்காமல் சொல்லுங்கள், இல்லாவிட்டால் “செங்கல் கிடந்துச்சு சார், எடுத்துப் போட்டுட்டு வெட்டிட்டேன்” என்பார், எனக்கு இரண்டு முறை நடந்திருக்கிறது. மூன்று வாரத்தில் அது யார் என்று அதுவே சொல்லும். கைலிங்கா என்றால் ஒவ்வொரு தண்டின் நுனியிலும் அந்த ஒற்றைப் பச்சை உருண்டை வரும், நிமிராமல் குட்டையாகவே நிற்கும். தோட்டக்காரர் சொல்கிற நிஜக் கோரை என்றால் தண்டு சரசரவென்று உயரும், உச்சியில் குடைக்கம்பி மாதிரி நாலைந்தாகப் பிரிந்து செம்பழுப்பு நிறத்தில் கதிர் விடும். இந்த இரண்டையும் ஒருமுறை பக்கத்தில் பக்கத்தில் பார்த்தவர்கள் பிறகு ஜென்மத்துக்கும் குழம்ப மாட்டார்கள்.

உருண்டை முற்றினால் விதை கொட்டும் என்று பயப்பட வேண்டாம். பூ பச்சையாக இருக்கும்போதே கத்தரித்துக் கவரில் போட்டுவிடுங்கள்.

மூன்று வாரம் பொறுமை இல்லையென்றால் இன்றைக்கே செய்யக்கூடியது ஒன்று உண்டு. ஒரு தண்டை அடியோடு பிடித்து இழுத்து, கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவில் வைத்து உருட்டுங்கள். புல்லின் தண்டு உருண்டையாக வழுக்கிக்கொண்டு போகும். இது தடக் தடக் என்று விளிம்பு தட்டும், ஏனென்றால் கோரைக் குடும்பத்துத் தண்டு முக்கோணம். பிளேடால் குறுக்கே அறுத்துப் பாருங்கள், உள்ளே கெட்டியாக இருக்கும், கணுவும் இருக்காது. மேலிருந்து பார்த்தால் இலைகள் மூன்று பக்கத்துக்குப் போகும், புல்லில் இரண்டு பக்கம்தான். இந்த ஒரு சோதனையிலேயே பக்கத்து வீட்டுக்காரரின் “இதுவும் புல்தான்” அடிபட்டுப் போகும்.

தோட்டக்காரருக்குப் பதில் சொல்ல மண்ணுக்கு அடியில் போக வேண்டும். திட்டின் ஓரத்தில், நடுவில் இல்லை, ஓரத்தில், உள்ளங்கை அகலத்துக்கு நாலு விரல் ஆழத்தில் ஒரு கட்டியைப் பெயர்த்தெடுங்கள். பக்கெட் தண்ணீரில் அரை மணி நேரம் ஊறவிட்டு, அரிசி களைகிற பக்குவத்தில் அலசுங்கள், பிய்த்து இழுக்காதீர்கள். நிஜக் கோரையாக இருந்தால் கம்பி மாதிரி மெல்லிய ஓடு தண்டும், அதில் அங்கங்கே கோத்துவிட்ட மாதிரி கருத்த கிழங்கும் வரும். கைலிங்காவில் கிழங்கு என்ற பேச்சே கிடையாது. மண்ணின் மேல்தோலை ஒட்டியே, செம்ஊதா நிறத்தில், செதில் செதிலாக ஒரு படுக்கைத் தண்டு ஓடும், அதன் மேல் சீப்புப் பல் மாதிரி வரிசையாகத் தளிர்கள் நிற்கும், ஒவ்வொரு கணுவுக்குக் கீழேயும் வேர்க் குஞ்சம். வாசனையை மட்டும் நம்பாதீர்கள், கோரைக்கிழங்கு மணக்கும் என்று எல்லோருக்கும் தெரியும், ஆனால் கைலிங்காவைக் கசக்கினாலும் மணக்கும்.

நீங்கள் ஓர் அடி தோண்டினீர்களே, அது தேவையே இல்லை சார். கோரையின் கிழங்குகள் பெரும்பாலும் மேல் அரை அடிக்குள்ளேயே கிடக்கும். அரை அடியில் ஒன்றுகூடத் தட்டுப்படவில்லை என்றால் அப்போதே சந்தேகம் வந்திருக்க வேண்டும், கோரை என்றால் கிழங்கு எங்கே என்று. தோட்டக்காரர் என்ன சொல்லியிருப்பார் என்று எனக்குத் தெரியும், “இன்னும் ஆழத்துல இருக்கும் சார்.”

இதை இவ்வளவு நீட்டி முழக்குவது பேர் தெரிந்துகொள்கிற ஆசையில் இல்லை. பேர் மாறினால் வைத்தியம் தலைகீழாக மாறுகிறது, அதனால்தான். நிஜக் கோரையில் கிழங்குகள் சங்கிலியாகக் கோத்திருக்கும், முன்னால் முளைத்து நிற்கிறது பின்னால் இருப்பவற்றைத் தூங்க வைத்திருக்கும். நீங்கள் மண்வெட்டியைப் போட்டுச் சங்கிலியை அறுத்தால் தூங்கிக்கொண்டிருந்தவை ஒவ்வொன்றாக விழித்துத் தனித்தனியாக முளைக்கும், ஒன்று போய் ஐந்து வரும். ஆக, கோரையைத் தோண்டக் கூடாது. கைலிங்காவிலோ சேமிப்பு என்று ஆழத்தில் எதுவும் இல்லை, சொத்து முழுக்க மேல் இரண்டு அங்குலத்தில். அதைத் தோண்டி எடுப்பதுதான் நல்ல வைத்தியம், ஆனால் முழுசாக எடுக்க வேண்டும், துண்டு விட்டால் துண்டு முளைக்கும்.

இது எனக்கு ஏட்டிலிருந்து வந்த ஞானம் இல்லை. இந்தத் தொழிலுக்கு வந்த மூன்றாம் வருஷம், ஒரு கல்லூரி விளையாட்டு மைதானத்தில் இதே மாதிரி பச்சைத் திட்டுகளைப் பார்த்துவிட்டு, குனிந்துகூடப் பார்க்காமல், கோரை என்று சொன்னவன் நான். தோண்டினால் பெருகும் என்பது தெரியும், அதனால் புத்திசாலித்தனமாக, வெயில் காலத்தில் ரோட்டவேட்டர் விட்டுக் கிழங்கையெல்லாம் மேலே கொண்டுவந்து காயவைத்துவிடலாம் என்று யோசனை சொன்னேன். கோரைக்கு அது ஓரளவு பலிக்கிற வழிதான். அங்கே கிழங்கே இல்லை. ரோட்டவேட்டர் கைலிங்காவின் படுக்கைத் தண்டைக் கீரை அரிகிற மாதிரி பொடிப்பொடியாக அரிந்து மைதானம் முழுக்கத் தூவிவிட்டது. காய்வதற்குள் மூன்று நாள் கோடை மழை வேறு. அடுத்த மாதம் திட்டுகளே இல்லை, மைதானம் மொத்தமும் ஒரே சீராகக் கைலிங்கா. உடற்கல்வி ஆசிரியர் நல்ல மனிதர், “இப்பத்தான் சார் ஒரே கலரா இருக்கு” என்றார். அன்றிலிருந்து நான் முட்டி போடாமல் எந்தக் களைக்கும் பேர் சொல்வதில்லை.

ஒருவேளை நீங்கள் பிடுங்கிப் பார்த்து அது முக்கோணத் தண்டே இல்லை என்றால்? இரண்டாவது படத்தைப் பார்த்த பிறகு அதற்கு வாய்ப்பு குறைவு. ஆனாலும் இதைப் படிக்கிற மற்றவர்களுக்காக ஓட்டமாகச் சொல்கிறேன், ஒட்ட வெட்டுகிற லானில் தாக்குப்பிடிக்கிற கும்பல் சின்னதுதான். மூன்று மூன்று இலையாகத் தரையோடு படர்ந்தால் இரண்டு பேரில் ஒருவர்: இலை இதய வடிவில் இருந்து மென்றால் புளித்து, மஞ்சள் பூ பூத்தால் புளியாரை. புளிக்காமல், ஊதா நிறத்தில் பட்டாணிப் பூ மாதிரி குட்டியாகப் பூத்து, கணுக்கணுவாக உடைகிற காய் வைத்தால் சிறுபுள்ளடி. கிள்ளினால் பால் வந்தால் அம்மான் பச்சரிசி வகையில் ஒன்று, தொட்டால் சுருங்கினால் நான் பேர் சொல்ல வேண்டியதில்லை. நடைபாதை ஓரத்தில், மண் கெட்டிப்பட்டுப்போன இடத்தில், நடுவிலிருந்து சக்கரம் மாதிரி தட்டையாகப் படுத்து, அடித்தண்டு வெள்ளிபோல் வெளுத்து, இழுத்தால் வராமல் அடம்பிடித்தால் அது கேழ்வரகின் காட்டுச் சொந்தக்காரப் புல், கதிரைப் பார்த்தாலே கேழ்வரகு ஜாடை தெரியும். அப்புறம் நம் அருகம்புல். பிள்ளையாருக்கு வைக்கத் தேடினால் கிடைக்காது, மெக்சிகன் புல்லுக்கு நடுவில் கூப்பிடாமல் வந்து நிற்கும்.

சரி, கைலிங்கா என்றே உறுதியானால் என்ன செய்வது.

முதலில் அந்த ஆர்.ஓ. குழாய். கடிதத்தில் போகிற போக்கில் அதைச் சொல்லிவிட்டுத் தாண்டிவிட்டீர்கள், எனக்குப் பாதி விடை அங்கேயே கிடைத்துவிட்டது. கைலிங்காவுக்கு ஈரம் காயாத மண் வேண்டும். ஆர்.ஓ. குழாய், ஏசி குழாய், கசிகிற தோட்டத்துக் குழாய், தினமும் காலை மாலை பாய்கிற ஸ்பிரிங்க்ளர், இவற்றில் ஏதாவது ஒன்றின் பக்கத்தில்தான் முதல் திட்டு பிறக்கும். விதை எப்படி வந்தது என்றால் பல வழி, புல் பதிக்கும்போது நர்சரி மண்ணோடு வந்திருக்கலாம், பிறகு போட்ட செம்மண்ணில் வந்திருக்கலாம், ஆனால் எனக்கு அதிகம் சந்தேகம் மெஷின் மேல். உங்கள் தோட்டக்காரர் ஒரே மெஷினை எத்தனை வீட்டுக்குக் கொண்டுபோகிறார்? ஒரு வேலை செய்யுங்கள், ஏழெட்டுத் திட்டும் எங்கெங்கே இருக்கின்றன என்று ஒரு தாளில் வரைந்து, அதன் மேல் அவர் வெட்டிக்கொண்டு போகிற பாதையை அம்புக்குறியாகப் போட்டுப் பாருங்கள். கிழக்கு மூலையிலிருந்து ஆரம்பிக்கிறார் என்றால் திட்டுகள் அந்த அம்பின் வழியே அடுத்தடுத்து விழுந்திருக்கும், பந்தயம் கட்டுகிறேன். தரையோடு வெட்டினாலும் பிளேடுக்குக் கீழேயே பூத்து விதை வைக்கிற சாமர்த்தியம் இந்தச் செடிக்கு உண்டு. அந்த விதையைத் தேர் இழுக்கிற மாதிரி வாராவாரம் ஊர்வலம் கொண்டுபோவது மெஷின்.

அதனால் இனிமேல் திட்டு இருக்கிற மூலையைக் கடைசியில் வெட்டச் சொல்லுங்கள். உங்கள் வீட்டுக்கு வந்ததும் முதல் வேலையாக மெஷினின் அடிப்பக்கத்தையும் புல் சேர்கிற பெட்டியையும் தண்ணீர் விட்டுக் கழுவட்டும், முடிந்து போகும்போது இன்னொரு முறை. முனகுவார். ஒரு டீயைக் கொடுத்துச் சொல்லுங்கள்.

ஆர்.ஓ. தண்ணீரை வேறு பக்கம் திருப்பிவிடுங்கள், அதில் உப்பும் அதிகம், லானுக்கு எந்த நன்மையும் இல்லை, வாசல் கழுவ வைத்துக்கொள்ளுங்கள். நீங்கள் தினமும் தண்ணீர் விடுகிறீர்களா என்று எழுதவில்லை, விடுகிறீர்கள் என்றே நினைக்கிறேன், லான் வைத்திருப்பவர்களில் விடாதவர்களை நான் பார்த்ததே குறைவு. நன்றாக வேர்பிடித்த மெக்சிகன் புல்லுக்கு அது வேண்டாம். மண்ணில் ஒரு நீட்டு ஸ்க்ரூடிரைவரைக் குத்துங்கள், அரை அடி சுலபமாக இறங்கினால் தண்ணீர் போதும் என்று அர்த்தம், இறங்க மறுத்தால் அன்றைக்கு ஊற ஊற விடுங்கள், பிறகு மேல் மண் நன்றாகக் காய்ந்த பிறகுதான் அடுத்தது. மேல் மண் காயும்போது புல்லின் வேர் கீழே போகும், கைலிங்காவின் ஆழமில்லாத வேர் தவிக்கும்.

அடுத்து தோண்டல். கோரைக்கு நான் வேண்டாம் என்ற அதே வேலை. மண் லேசான ஈரத்தில் இருக்கும்போது, சேறாகவும் இல்லாமல் கட்டியாகவும் இல்லாமல், கண்ணுக்குத் தெரிகிற திட்டின் விளிம்பிலிருந்து அரை அடி தள்ளிச் சுற்றிலும் கோடு போடுங்கள். நல்ல புல்லையும் சேர்த்து வெட்டச் சொல்கிறேனே என்று வயிறு எரியும், ஆனால் படுக்கைத் தண்டு உங்கள் கண்ணுக்கு முன்னால் ஓடிக்கொண்டிருக்கும். அந்தக் கோட்டில் தட்டை மண்வெட்டியை நேராக இறக்கி, பிறகு இரண்டிலிருந்து மூன்று அங்குல ஆழத்தில் படுக்கையாகச் செலுத்தி, கல்லிலிருந்து அடையைப் பெயர்க்கிற மாதிரி துண்டுதுண்டாக முழுசாகத் தூக்குங்கள். கொத்தக் கூடாது, உதறக் கூடாது. தூக்கியதை நேராகச் சாக்குப் பையில் போட்டு வாயைக் கட்டுங்கள். உரக்குழியில் போட்டால் அடுத்த வருஷம் உரத்தோடு திரும்பி வரும். மொட்டை மாடிச் சிமெண்டுத் தரையில் பரப்பி, உள்ளே ஈரமே இல்லாமல் மொறுமொறுவென்று காயவிட்டால் பிறகு எங்கே வேண்டுமானாலும் போடலாம்.

குழியை அப்படியே விடாதீர்கள். கைலிங்கா விதைக்கு முளைக்க வெளிச்சம் வேண்டும், திறந்த மண் அதற்கு வெற்றிலை பாக்கு வைத்து அழைக்கிற மாதிரி. மணலும் செம்மண்ணும் கலந்து நிரப்பி, லானில் நல்ல அடர்த்தியாக இருக்கிற சுத்தமான பகுதியிலிருந்து அங்கங்கே சின்னச் சின்னக் கட்டிகளாகப் புல்லை எடுத்து நெருக்கமாகப் பதியுங்கள், காலால் மிதித்துச் சமப்படுத்துங்கள். இந்தப் புல் சோம்பேறி என்று முன்பே சொன்னேன், இடைவெளி விட்டு நட்டுவிட்டுக் காத்திருந்தால் ஏமாந்துபோவீர்கள். பிறகு மூன்று மாதத்துக்கு வாரம் ஒரு முறை, காபி குடிக்கிற நேரத்தில், அந்த இடங்களைக் குனிந்து பாருங்கள். இரண்டு மூன்று தளிர் நிச்சயம் வரும். அப்போதே மண்ணோடு நோண்டி எடுத்துவிட்டால் கதை முடிந்தது. இரண்டு வாரம் ஊருக்குப் போய்விட்டு வந்து பார்த்தால்தான் தலைவலி. இதையெல்லாம் ஐப்பசி அடைமழைக்கு முன்னால் முடித்துவிடுங்கள், மழை பிடித்துக்கொண்டால் ஈரத்தை யாரும் கட்டுப்படுத்த முடியாது, ஆட்டம் அதன் பக்கம் போய்விடும்.

வெட்டுகிற உயரத்தையும் மாற்ற வேண்டும். “தரையோடு தரையாக” என்று நீங்கள் பெருமையாக எழுதியிருப்பதுதான் எனக்கு உறுத்துகிறது. புல்லை அவ்வளவு ஒட்ட வெட்டினால் மண்ணில் வெயில் விழும், விதை முளைக்கும், புல்லின் வேரும் குட்டையாகும். மெஷினில் ஒன்றரை அங்குலத்துக்கு ஏற்றச் சொல்லுங்கள். ஒரேயடியாக இல்லை, வாரம் ஒரு படியாக. அதன் பிறகு ஒவ்வொரு வெட்டிலும் உயரத்தில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் எடுக்கக் கூடாது. பார்க்கக் கம்பளம் மாதிரி இல்லையே என்று வீட்டில் முதல் மாதம் குறை சொல்வார்கள், மிதித்துப் பார்த்த பிறகு சொல்ல மாட்டார்கள்.

மருந்தே கிடையாதா என்றால் உண்டு. ஹாலோசல்ஃப்யூரான் மெத்தில் என்று ஒன்று, 75 சதவீதக் குருணையாக, கரும்பிலும் மக்காச்சோளத்திலும் வருகிற கோரைக்காக இங்கே விற்கிறார்கள். அமெரிக்காவில் இதே மருந்தை லானுக்கென்றே விற்கிறார்கள், மெக்சிகன் புல் இனத்தை அது கெடுப்பதில்லை, கைலிங்காவுக்கும் கேட்கும், ஆனால் மெதுவாக, ஒரு முறைக்கு மேல் அடிக்க வேண்டியிருக்கும். இருந்தும் உங்களுக்கு நான் எழுதித் தர மாட்டேன். ஒரு ஏக்கருக்கே 36 கிராம்தான் அதன் அளவு. உங்கள் 900 சதுர அடிக்குக் கணக்குப் போட்டால் முக்கால் கிராம் வருகிறது. அதை எந்தத் தராசில் நிறுப்பீர்கள்? “ஒரு ஸ்பூன் போடு” என்று யாராவது சொல்வார்கள், அது பல மடங்கு. ஏழெட்டுத் திட்டுக்கு மண்வெட்டியே போதும். இதுவே ஓர் ஏக்கர் மைதானமாக இருந்தால் நான் வேறு மாதிரி பேசியிருப்பேன்.

உப்பு போட்ட இடத்தைப் பற்றி ஒரு வார்த்தை. கல்லுப்பு யோசனை சொன்னவரிடம் இனி செடி விஷயமாகப் பேசாதீர்கள். உப்பிலிருக்கிற சோடியம் களிமண்ணின் கட்டமைப்பையே குலைத்துவிடும், மண் பிசுபிசுத்து, காய்ந்தால் ஓடு மாதிரி இறுகி, தண்ணீர் இறங்காமல் நிற்கும். நின்றால் யாருக்குப் பிடிக்கும் என்று இப்போது உங்களுக்கே தெரியும். ஒரு சின்னத் திட்டில்தானே போட்டீர்கள், அங்கே மட்டும் அரை அடி மண்ணை வாரி வெளியே கொட்டிவிட்டுப் புது மண் போட்டுப் புல் பதியுங்கள். சுற்றிலும் கொஞ்சம் ஜிப்சம் தூவி, ஆர்.ஓ. தண்ணீர் இல்லை, நல்ல தண்ணீர், இரண்டு மூன்று முறை நன்றாக ஊறவிட்டால் மிச்ச உப்பு கீழே இறங்கிவிடும்.

பக்கத்து வீட்டுக்காரர் “விட்டுவிடுங்கள்” என்றதையும் நான் முழுசாகத் தள்ளிவிட மாட்டேன். கைலிங்கா முள் குத்தாது, மிதித்தால் தாங்கும், பச்சையாகவும் இருக்கும். மதில் ஓரமாக நிழல் விழுந்து, எவ்வளவு செய்தாலும் ஈரம் காயாத ஒரு மூலை இருந்தால், அங்கே மெக்சிகன் புல் எப்படியும் மெலிந்துதான் போகும். அந்த இரண்டு முழத்தை நான் அதற்கே விட்டுக்கொடுத்துவிட்டு, நடுவில் செங்கல் பதித்து ஒரு வரப்பு கட்டிவிடுவேன். மூன்றாம் நாள் தலைதூக்குகிற அந்த நடுத் திட்டுகள் மட்டும்தான் உங்கள் கண்ணை உறுத்துகின்றன என்றால் அவற்றை மட்டும் எடுங்கள்.

இப்போதைக்கு மண்வெட்டியை எடுக்காதீர்கள், முதலில் செங்கல்லும் பக்கெட்டும். அலசிய கட்டியை வெள்ளைத் துணியில் பரப்பி, அதே ஐந்து ரூபாய்க் காசைப் பக்கத்தில் வைத்து, பகல் வெளிச்சத்தில் ஒரு படம் எடுத்து அனுப்புங்கள். அதில் ஒரே ஒரு கிழங்கு தென்பட்டாலும் தோண்டலை நிறுத்திவிட்டு எனக்கு எழுதுங்கள், வேறு வழியில் போவோம்.